ரீமேப் போட்டதும் ஈசியூ பதில் சொல்லவில்லையா? கடலோரத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசியூவுக்குள் மாற்றிய ஃபைலை (ரீமேப்) லேப்டாப்பிலிருந்து எழுதும் வேலை, அதாவது ரைட், ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எர்ரர் வந்து நிற்கிறது. சாவி போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை, ஸ்கேனர் மாட்டினால் இன்ஜின் மாட்யூலோடு தொடர்பு இல்லை என்கிறது, ரேடியேட்டர் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு "என்னண்ணே ஆச்சு" என்று கேட்கிறார். இந்த இடத்தில் யாருக்கும் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும், அந்தப் பதற்றத்தில் செய்கிற அடுத்த இரண்டு மூன்று காரியங்கள்தான் பல நேரம் ஈசியூவை நிஜமாகவே கொல்கின்றன. ரைட் நின்றது மட்டும் அதைக் கொல்வது அபூர்வம்.

அதனால் இந்த வழிகாட்டியில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கப் போவது ஒரே விஷயத்தைத்தான்: வரிசை. முதலில் கரண்ட், அப்புறம் எர்த், அப்புறம் வயர், அதற்குப் பிறகுதான் சாஃப்ட்வேர், கடைசியில்தான் ஈசியூ பெட்டியைத் திறப்பது. தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி வரை நம் பக்கத்து வண்டிகளுக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பன் பக்கம் நிறுத்திய வண்டியின் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு கரிக்கும். அந்த உப்பு பானெட்டுக்குள்ளும் போகிறது, எர்த் போல்ட்டிலும் வயர்களைச் சேர்க்கும் கப்ளரிலும் உட்கார்கிறது. மதுரையில் சரியாக ஓடும் ரைட் இங்கே பாதியில் நிற்பதற்குப் பல நேரம் டூல் காரணமே கிடையாது.

உள்ளே என்ன நடந்திருக்கும்

ஈசியூவின் ஃப்ளாஷ் மெமரியில் முதலில் ஒரு சின்னப் பகுதி, பூட் பகுதி. கரண்ட் வந்ததும் பிராசஸர் ஓடிப்போய்ப் பார்ப்பது அதைத்தான். அது மீதி சாஃப்ட்வேரின் செக்சம் (ஃபைல் கெடவில்லை என்று காட்டும் கணக்கு எண்) சரியா என்று சோதித்துவிட்டு, சரி என்றால் இன்ஜின் புரோகிராமுக்குக் கையைக் காட்டிவிடும். சரியில்லை என்றால் அங்கேயே நின்றுகொண்டு, யாராவது புது ஃபைல் அனுப்புவார்களா என்று காத்திருக்கும். ஓபிடி (ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) வழியாக ரைட் செய்யும்போது டூல் முதலில் பழையதை அழிக்கிறது, பிறகு துண்டு துண்டாகப் புதியதை எழுதுகிறது, கடைசியில் செக்சம் பார்க்கச் சொல்கிறது. நடுவில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் முழுசாக இல்லை. ஆனால் பூட் பகுதியைப் பெரும்பாலான ஓபிடி ரைட்டுகள் தொடுவதே இல்லை. அதனால் சாதாரண ஸ்கேனருக்குப் பதில் வராத அதே ஈசியூ, ரைட் செய்த டூலுக்கு ரெக்கவரி முறையில் பதில் சொல்ல நல்ல வாய்ப்பு உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

எர்ரர் வந்த அந்த நிமிடத்தில்

சாவியைத் திருப்ப வேண்டாம். கேபிளைப் பிடுங்க வேண்டாம். பேட்டரி டெர்மினலைக் கழற்றவே வேண்டாம். திரையில் இருப்பதைப் போனில் ஒரு படம் எடுங்கள், எத்தனை சதவீதத்தில் நின்றது, என்ன எண் காட்டியது, எல்லாம் தெரிகிற மாதிரி. டூல் தானாகவே "மறுபடி முயலவா" என்று கேட்டால் உடனே ஆமாம் சொல்ல வேண்டாம், முதலில் மல்டிமீட்டரை எடுத்து ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் பின்னுக்கும் 4ஆம் பின்னுக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று பாருங்கள். டூல் செருகியிருக்கும்போது அங்கே கை வைக்க முடியாது என்றால் பேட்டரியிலேயே பாருங்கள். 12.2க்குக் கீழே இருந்தால் அந்தப் பேட்டரியை நம்பி இன்னொரு ரைட் தொடங்குவது வேண்டாத வேலை.

சாவி ஆன் நிலையில், ஃபேன் ஓட, லைட் எரிய, ஒரு வண்டி நிறையவே கரண்ட் இழுக்கும், ரைட் முடிய கால் மணி அரை மணி ஆகும். ரைட்டுக்கு 13லிருந்து 14 வோல்ட்டுக்குள் ஆடாமல் நிற்கிற சப்ளை வேண்டும். இதற்கென்றே விற்கும் ஸ்டெபிலைஸ்டு சப்போர்ட் யூனிட் நல்லது. பேட்டரிக் கடையில் கிடக்கும் பழைய சார்ஜர் வேண்டாம், அது கொடுக்கும் வோல்ட் அலை அலையாக வரும், சில நேரம் 15க்கு மேலேயும் போகும், ஈசியூ அதைப் பார்த்தால் எழுதவே மறுக்கும். அவசரத்துக்கு ஒரு வழி: வீட்டு இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரி நல்ல சார்ஜில் இருந்தால், அதை இன்வெர்ட்டரிலிருந்து முழுசாகக் கழற்றி, ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று வண்டிப் பேட்டரியோடு சேர்த்துவிடலாம். வோல்ட் ஏறாது, ஆனால் சீக்கிரம் இறங்கவும் இறங்காது. பக்கத்து வண்டியை ஸ்டார்ட் செய்து ஜம்பர் கொடுக்கிற வழக்கம் மட்டும் ரைட் நேரத்தில் வேண்டாம், ஆல்டர்னேட்டர் ஏற்றி இறக்கும்.

லைட், ஏசி, பாட்டு, சார்ஜரில் தொங்கும் போன், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கதவைத் திறந்து திறந்து மூடாதீர்கள், சில வண்டிகளில் ஒவ்வொரு முறையும் வேறு மாட்யூல்கள் விழித்துக்கொண்டு கேன் வயரில் (மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்) பேசத் தொடங்கும்.

இது எந்த வகை

மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். ரைட் பாதியில் நின்று, அப்போதிலிருந்தே பேச்சு இல்லை என்றால் மேலே சொன்ன பூட் கதைதான். ரைட் 100 சதவீதம் முடிந்து, ஸ்கேனரோடும் பேசுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் ஈசியூ உயிரோடுதான் இருக்கிறது. ஃபைல் தப்பு, செக்சம் தப்பு, அல்லது இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவியை ஏற்கவில்லை. மூன்றாவது வகைதான் நம்மூரில் நிறைய ஏமாற்றுவது: ரைட் முடிந்து வண்டி நன்றாக ஓடியது, நாலு நாளோ ஒரு மாதமோ கழித்துத் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. வண்டிக்காரர் ட்யூனிங்கைத் திட்டுவார், ட்யூனரும் ஃபைலைச் சந்தேகப்பட்டுப் பழையதை ஏற்றக் கிளம்புவார். அதைச் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த ஃபைல் தானாகக் கெட்டுப்போவது மிக அரிது. அது வயர், எர்த், தண்ணீர், அல்லது ரைட்டுக்காகத் திறந்து சரியாக மூடாத ஈசியூ பெட்டி. பலவீனமான எர்த்தோடு அதில் ஃப்ளாஷை அழிக்கத் தொடங்கினால், வயர் கோளாறு ஒன்று பூட் கோளாறாக மாறி இரண்டு தலைவலி ஆகிவிடும்.

மீட்டரில் செக் இன்ஜின் விளக்கு எரிவதை மட்டும் வைத்து ஈசியூ உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். பல வண்டிகளில் ஈசியூவிடமிருந்து சேதி வரவில்லை என்றாலே மீட்டர் தானாக அந்த விளக்கைப் போட்டுவிடும். ஸ்கேனரில் ஏபிஎஸ், ஏர்பேக் இவை பேசுகின்றனவா என்று பாருங்கள். அவை பேசி, "இன்ஜின் மாட்யூல் தொடர்பு இல்லை" என்று யூ0100 கோடு காட்டினால் கோளாறு ஈசியூவிலோ அதன் கரண்டிலோ இருக்கிறது. ஒன்றுமே பேசவில்லை என்றால் ஓபிடி சாக்கெட்டின் ப்யூஸைப் பாருங்கள், பல வண்டிகளில் அது சிகரெட் லைட்டர் ப்யூஸோடு சேர்ந்தது.

கரண்டும் எர்த்தும்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஈசியூவுக்கு மூன்று கரண்ட் தேவை: எப்போதும் இருக்கும் பேட்டரி கரண்ட், சாவி போட்டால் வரும் இக்னிஷன் கரண்ட், மெயின் ரிலே வழியாக வரும் கரண்ட். சாவி போட்டதும் ரிலே டிக் என்று அடிக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். ப்யூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம், இரண்டு முனையிலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். ப்யூஸ் பெட்டியின் உள்பக்கம் கால்கள் பச்சை பூத்திருந்தால் ப்யூஸ் நல்லதாக இருந்தும் கரண்ட் போகாது.

எர்த்தை ஓம் மோடில் பார்ப்பது இந்தக் கடற்கரையில் சுத்தமாக உதவாது. பத்து இழையில் ஒன்பது அரித்துப்போய் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 0.2 ஓம் என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள், அது நாலரை ஆம்ப் வரை இழுக்கும். சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, ஈசியூ கப்ளரையும் கழற்றுங்கள், பிறகு மைனஸைத் திரும்ப மாட்டுங்கள். வயரிங் படம் பார்த்து எர்த் பின் எது என்று உறுதி செய்துகொண்டு, பல்பின் ஒரு முனையைப் பேட்டரி ப்ளஸ்ஸிலும் இன்னொன்றை கப்ளரின் அந்த எர்த் பின்னிலும் வையுங்கள், பின் விரியாத மெல்லிய ப்ரோபால். பல்பு எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு ப்ரோபை அதே எர்த் பின்னிலும் மற்றதைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3, 0.5 என்று காட்டினாலோ பல்பு மங்கி எரிந்தாலோ எர்த்தைத் தேட வேண்டியதுதான். எர்த் பின்கள் இரண்டு மூன்று இருக்கும், ஒவ்வொன்றையும் பாருங்கள்.

இதே சோதனையைக் கரண்ட் வரும் பின்களிலும் செய்யலாம், பல்பின் மறுமுனையைப் பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோய். மெயின் ரிலே கரண்ட் மட்டும் கப்ளர் கழன்றிருக்கும்போது வராமல் போகலாம், ஏனென்றால் பல வண்டிகளில் அந்த ரிலேயை இழுப்பதே ஈசியூதான். ரிலே சாக்கெட்டில் தொடர்புள்ள இரண்டு கால்களை ப்யூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டுப் பார்க்கலாம்.

எர்த் போல்ட் எங்கே என்றால், பேட்டரி ட்ரே அடியில், ஹெட்லைட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் மேல். பேட்டரி ட்ரே அடியில் இருப்பது ஆசிட்டும் உப்பும் சேர்ந்து சாப்பிட்டது. கழற்றி, லக்கையும் பாடியையும் எமரி போட்டுப் பளபளவென்று உலோகம் தெரிகிற வரை தேய்த்து, இறுக்கி, அதன் மேல் வாசலின் தடவுங்கள். முதலில் வாசலின் தடவிவிட்டு அப்புறம் இறுக்காதீர்கள். லக்குக்குப் பக்கத்தில் வயரை விரலால் வளைத்துப் பாருங்கள். உள்ளே களிம்பு பிடித்த வயர் மொரமொரவென்று இருக்கும், அல்லது எலும்பில்லாத மாதிரி தொய்ந்துபோகும். உறையைக் கொஞ்சம் சீவினால் செம்பு கறுத்தோ பச்சைப் பொடியாகவோ இருக்கும். அந்த வயரில் லக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, நல்ல செம்பு வருகிற இடம் வரை வெட்டிப் புது வயர் சேர்க்க வேண்டும்.

மீன் பெட்டி ஏற்றும் பிக்கப் வண்டிகளில் இன்னொரு விஷயம். ஐஸ் உருகி உப்போடு சேஸிஸ் மேல் சொட்டும், ஹார்னஸின் (வயர்க்கட்டு) டேப்புக்குள் போகும், போன தண்ணீர் வயரின் உறைக்கும் இழைக்கும் நடுவிலேயே ஊர்ந்து தொலைவிலுள்ள கப்ளர் வரைக்கும் வந்து நிற்கும். ஈசியூ கப்ளரைக் கழற்றியதும் ரப்பர் சீல் நன்றாக இருந்தும் உள்ளே பின்னில் பச்சை இருந்தால் இப்படித்தான் வந்திருக்கும். கான்டாக்ட் க்ளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, காய வைத்துவிட்டு மாட்டுங்கள். ஊசி விட்டுச் சுரண்டாதீர்கள், பின்னின் மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த கச்சானுக்குள் மறுபடி பச்சை வரும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 2017ல் ரோடு போட்ட பிறகு டூரிஸ்ட் கார்கள் எல்லாம் அங்கே போய் மணலில் இறங்கி ஏறிவிட்டுத்தான் வருகின்றன. அப்படிப் போய்வந்த வண்டிக்கு அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள், பானெட்டுக்குள் பிரஷர் வாஷ் மட்டும் வேண்டாம்.

கேன் வயர்

பேட்டரி மைனஸைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். 60 ஓம் அளவில் இருந்தால் இரண்டு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் நலம். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது, அந்த ஒரு ரெசிஸ்டர் பல வண்டிகளில் ஈசியூவுக்குள்ளேயே இருக்கும், எனவே ஈசியூ கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் 120 வருவது இயல்பு, பயப்பட வேண்டாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. சாவி ஆன் செய்து எர்த்துக்கு எதிராக அளந்தால் 6ஆம் பின்னில் இரண்டரைக்குச் சற்று மேலேயும் 14ஆம் பின்னில் சற்றுக் கீழேயும் வர வேண்டும். ஒன்று 12 வோல்ட்டோ பூஜ்யமோ காட்டினால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். சாக்கெட்டுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவில் கேட்வே (சேதிகளை வாங்கிக் கடத்தும் மாட்யூல்) உட்கார்ந்திருக்கும் புது வண்டிகளில் இந்த ஓம் கணக்கு அப்படியே வராது, அதில் ஈசியூ கப்ளரிலேயே அளக்க வேண்டும். ஒற்றை வயரில் பேசும் கே லைன் பழைய வண்டி என்றால் 7ஆம் பின், சாவி ஆனில் கிட்டத்தட்ட பேட்டரி வோல்ட் இருக்க வேண்டும்.

5 வோல்ட் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ரெண்டு நிமிட வேலை. மேப் சென்சரின் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது) கப்ளரைக் கழற்றி, சாவி ஆன் செய்து, மூன்று நாலு வயரில் ஒன்றில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஈசியூவுக்குக் கரண்டும் எர்த்தும் கிடைத்து, உள்ளே பவர் பகுதி வேலை செய்கிறது என்று அர்த்தம், பாதியில் நின்ற ரைட் என்றால் நம்பிக்கையோடு ரெக்கவரிக்குப் போகலாம். வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று ஈசியூவுக்குக் கரண்ட் இல்லை. இன்னொன்று ஏதோ ஒரு சென்சரோ அதன் வயரோ அந்த 5 வோல்ட்டை எர்த்துக்கு இழுத்துவிடுகிறது, அதனால் சில ஈசியூக்கள் பேச்சையே நிறுத்திவிடும். ரெயில் பிரஷர் சென்சர், ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது), ஆக்சிலேட்டர் பெடல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப வருகிறதோ கள்ளன் அவன்தான். உப்புத் தண்ணீர் ஏறிய ஈஜிஆர் கப்ளரால் ஈசியூவே செத்துவிட்டது என்று முடிவுகட்டிய வண்டிகள் உண்டு.

ரெக்கவரி ரைட்

மேலே எல்லாம் சரி என்றால் இப்போது சாஃப்ட்வேர். சாவியை ஆஃப் செய்து ஈசியூ முழுசாகத் தூங்கும் வரை விடுங்கள், மெயின் ரிலே விழும் சத்தம் கேட்டு அதற்குப் பிறகும் ஒரு பத்து நிமிடம். இப்போது மைனஸ் டெர்மினலைக் கழற்றி, கால் மணி நேரம் கழித்து மாட்டலாம். ரைட் நடுவில் கழற்றக் கூடாது என்றது வேறு, இது வேறு.

டூலில் அதே வண்டி, அதே புரோட்டோகால், அதே ஈசியூ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மாற்றிய ஃபைலை ஏற்றாதீர்கள், ரீட் செய்து வைத்த ஒரிஜினலை ஏற்றுங்கள். ரெக்கவரி என்று தனியாக ஒரு பட்டன் இருந்தால் அது, இல்லை என்றால் சாதாரண ரைட்டே. அடையாளம் படிக்கும் கட்டத்தில் டூல் எர்ரர் சொன்னால் பயப்பட வேண்டாம், இன்ஜின் புரோகிராம் இல்லாத ஈசியூவுக்குத் தன் சாஃப்ட்வேர் எண் தெரியாது. சில டூல்கள் அதைத் தாண்டிப்போக அனுமதிக்கும், சில சரியான நொடியில் சாவியை ஆஃப் ஆன் செய்யச் சொல்லும், அதை அவசரமில்லாமல் சொன்னபடி செய்யுங்கள்.

ஈசியூ மறுக்கும்போது 7எஃப் என்று தொடங்கி ஒரு பதில் அனுப்பும், அதில் கடைசி எண்தான் காரணம். டூலின் லாக் ஃபைலைத் திறந்தால் இது தெரியும், சண்டை போடாமல் ஈசியூ தானே சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 78 என்றால் கோளாறே இல்லை, "வேலை செய்துகொண்டிருக்கிறேன், பொறு" என்பதுதான். 22 என்றால் நிலைமை சரியில்லை, வோல்ட்டையும் சாவி நிலையையும் பாருங்கள். 93 வோல்ட் குறைவு, 92 வோல்ட் அதிகம். 33, 35 பாதுகாப்புச் சாவி (டூல் அனுப்பும் ரகசிய எண்) பொருந்தவில்லை, பெரும்பாலும் டூலில் தவறான புரோட்டோகால். 36, 37 வந்தால் தப்பான பாதுகாப்புச் சாவி பல முறை கொடுத்துவிட்டீர்கள், ஈசியூ கதவைச் சாத்திக்கொண்டது. சாவி ஆன் நிலையில் சப்போர்ட் சார்ஜரோடு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டுத்தான் மறுபடி முயல வேண்டும், விடாமல் அழுத்தினால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். 72 மட்டும் கவலைப்பட வேண்டியது, எழுதும்போதே ஃப்ளாஷ் தோற்றது. எர்த் நன்றாக இருந்தும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப 72 வந்தால் மெமரியே அடி வாங்கியிருக்கலாம்.

டூலும் ஃபைலும்

கெஸ், கே டேக் என்ற பெயர்களில் சந்தையில் சுற்றும் குறைந்த விலை நகல் டூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை வேலையே செய்யாது என்று சொல்ல மாட்டேன், பழைய ஈசியூக்களில் ஓடும். ஆனால் உள்ளே உள்ள சாஃப்ட்வேர் பழைய பதிப்பு, செக்சம் திருத்தத்தை நம்ப முடியாது, இன்டர்நெட்டில் இணைத்தால் பூட்டிக்கொள்ளும், ஆண்டிவைரஸ் அதன் ஃபைல் ஒன்றை ரைட் நடுவில் தூக்கிப்போட்டால் கேட்பாரில்லை. பணம் கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டூலுக்கு சர்வர் தேவைப்படும், அதற்கு நல்ல சிக்னல் தேவைப்படும். தனுஷ்கோடிப் பக்கமோ உப்பளத்து நடுவிலோ வைத்து ரைட் தொடங்குவதற்கு முன் அதை யோசியுங்கள்.

லேப்டாப்பில் ஸ்லீப், அப்டேட் இரண்டையும் நிறுத்தி, பேட்டரி நிறைய சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் நல்லது. மலிவு சார்ஜர்களின் கசிவு கரண்ட் யூஎஸ்பி வழியாக டூலுக்குள் வரும்.

ஃபைல் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று: சில டூல்கள் வண்டியிலிருந்து உண்மையில் படிக்காது, சாஃப்ட்வேர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு சர்வரிலிருந்து அதே எண்ணுள்ள ஒரிஜினலைக் கொடுக்கும். அதை வைத்து ஃப்ளாஷைத் திருப்பலாம், ஆனால் இம்மொபிலைசர் தகவல், இன்ஜெக்டர் கோடு, வண்டி எண் இவை உள்ள தனிப் பகுதி உங்களிடம் பேக்கப் இல்லை. நிஜமாகப் படித்த ஃபைல் என்றால் இரண்டு முறை ரீட் செய்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் ஈசியூ லேபிளில் உள்ள சாஃப்ட்வேர் எண் எங்காவது எழுத்தாகத் தெரிய வேண்டும். ஒரே மாடல், ஒரே வருடம் என்று பக்கத்து வண்டியின் ஃபைலைப் போடுவதுதான் ரைட் 100 சதவீதம் முடிந்தும் வண்டி எடுக்காததற்கு அடிக்கடி காரணம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி), ஈஜிஆர் நீக்கச் சொல்லி வருபவர்களுக்கு முடியாது என்று சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, வாரன்டியும் போகும்.

பெட்டியை மேசைக்குக் கொண்டுவருவது

ஓபிடியில் ரெக்கவரி ஓடவில்லை என்றால் ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கரண்ட் அளவு காட்டும், ஆம்ப் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை கட்டாயம். 12.5 வோல்ட் வைத்து, ஒரு ஆம்ப்புக்குக் கட்டுப்படுத்தி, பேட்டரி, இக்னிஷன், எர்த் பின்களைக் கொடுங்கள். சில நூறு மில்லியாம்ப் இழுத்து ஒரு நிலையில் நின்றால் நல்ல அறிகுறி. கொடுத்ததுமே சப்ளை வரம்பைத் தொட்டு நின்றால் உள்ளே ஷார்ட், பெரும்பாலும் ப்ளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்ததால் போன பாதுகாப்பு டயோடு. அதை மாற்றினால் பிழைக்கிற ஈசியூக்கள் உண்டு. ஒன்றுமே இழுக்கவில்லை என்றால் முதலில் பின் எண்களைச் சரிபாருங்கள்.

பாஷ் இடிசி17, மெட்17 குடும்பத்தில் ட்ரைகோர் பிராசஸர். இப்போதைய டூல்கள் பல ஈசியூக்களைத் திறக்காமலே பென்ச் முறையில் முழு மெமரியையும் படித்து எழுதும். அது முடியாதபோது திறந்து, போர்டில் ஒரு புள்ளியை எர்த்துக்குத் தொட்டு பூட் முறைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய இடிசி16 என்றால் பிடிஎம், அதாவது போர்டில் உள்ள தனித் தொடர்புப் புள்ளிகள் வழியாக எழுதும் முறை. ஸ்விஃப்ட் டீசல், விஸ்டா குவாட்ராஜெட் போன்றவற்றில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜினுக்கு மாரெல்லி ஈசியூ, அதற்குத் தனி முறை. எதுவானாலும் டூல் காட்டும் படத்தில் உள்ள அதே ஹார்டுவேர் எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் புள்ளியைத் தொட வேண்டும். படத்தில் இல்லாத போர்டு என்றால் அனுமானம் வேண்டாம். உள்ளே போனதும் எழுதுவதற்கு முன், கெட்டுப்போன நிலையிலேயே முழு பேக்கப் எடுங்கள், ட்ரைகோரில் பாஸ்வேர்டும் சேர்த்து. ஃப்ளாஷ் கெட்டிருந்தாலும் இம்மொபிலைசர் பகுதி நன்றாக இருக்கலாம், அது போனால் திரும்ப வராது.

மூடுவதில் கவனம்

திறந்த ஈசியூவை எந்த சிலிகான் போட்டு ஒட்டுகிறீர்கள் என்பது நம் ஊரில் உயிர் விஷயம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடிக்கிற சிலிகான் காயும்போது ஆசிட் விடும், அது செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருக்கும், வாடையில்லாத வகையை வாங்குங்கள். பழைய ஒட்டை முழுசாகச் சுரண்டி எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய வைத்து, இடைவெளி இல்லாமல் சுற்றிலும் போட்டு, ஒரு இரவு விட்டுவிடுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் ஈரக் காற்றை உள்ளே வைத்து அடைக்காதீர்கள்.

உயிர் வந்த பிறகு

வண்டி ஸ்டார்ட் ஆனதும் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். எல்லாக் கோடுகளையும் பதிந்துவிட்டு அழித்து, மறுபடி பாருங்கள். பி0601 திரும்ப வந்தால் செக்சம் இன்னும் சரியில்லை. பி0606 திரும்ப வந்தால் பிராசஸர் பக்கம் கோளாறு. டீசலில் இன்ஜெக்டர் கோடு ஸ்கேனரில் காட்டுவதும் இன்ஜெக்டர் தலையில் எழுதியிருப்பதும் ஒன்றா என்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒப்பிடுங்கள், பூஜ்யமாக இருந்தால் ஐடிலில் தட்டும். எடுத்து இரண்டு நொடியில் அணைந்தால் இம்மொபிலைசர். ஒரிஜினல் ஃபைலோடு சில நாள் ஓடட்டும், ட்யூனிங் ஃபைலை அப்புறம் யோசிக்கலாம்.

பழைய ஈசியூவைக் காயலான் கடையில் வாங்கி மாட்டுவதானால் லேபிளில் ஹார்டுவேர் எண் ஒன்றாக இருக்க வேண்டும், உங்கள் பழைய ஈசியூவின் ஃப்ளாஷையும் இம்மொபிலைசர் பகுதியையும் அதில் அப்படியே இறக்க வேண்டும். அது செய்யாமல் மாட்டினால் சாவி ஏற்காது.

வெளியே அனுப்புவதானால்

மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ ரிப்பேருக்கு அனுப்பும் முன், இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்சலுக்குள் வையுங்கள்: எந்த டூல், எந்த முறை, எத்தனை சதவீதத்தில் நின்றது, பெட்டியைத் திறந்தீர்களா. மறைத்தால் அவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும், கூலியும் ஏறும். டூலின் லாக் ஃபைல், ஒரிஜினல் ஃபைல், ஈசியூ லேபிளின் படம் மூன்றையும் முன்னாடியே அனுப்பிவிடுங்கள். சாவியும் மீட்டரும் சேர்த்து வேண்டுமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள், சில வண்டிகளுக்கு இம்மொபிலைசரைச் சோதிக்க அவை தேவைப்படும். கப்ளர் பின்கள் வளையாமல் தெர்மாகோல் வெட்டி வைத்து, ஈசியூவை ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டு, அதன் மேல்தான் பபுள் ஷீட் சுற்ற வேண்டும். வண்டியில் தொங்கும் ஹார்னஸ் கப்ளரைப் பாலித்தீன் கவரால் மூடி இறுக்கிக் கட்டிவிடுங்கள், ஈசியூ திரும்பி வரும் வரை அது உப்புக் காற்றில் கிடக்கப் போகிறது.